கரையோரத்துப் பிள்ளை

சென்ற மாதம் காஞ்சிபுரம் போயிருந்தேன். "கோயிலுக்கா, புடவைக்கா?" என்றுதானே கேட்கிறீர்கள்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்லிவிட்டுப் போனது காமாட்சியம்மன் தரிசனம். கைப்பையில் இருந்ததோ என் நாத்தனார் பெண்ணின் கல்யாணப் புடவைக்கான பணம். அம்பாளையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பொய் சொன்ன பாவம் நமக்கெதற்கு?

காந்தி ரோடு கடைகளில் ஏறி இறங்கக் கால் வலிக்கிறதென்று, தெரிந்தவர் ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப்போனார். சின்ன வீடு. கூடத்தில் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். தறியின் ஓரத்தில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"கரைக்கு நாடா போடறேம்மா" என்றாள்.

கோர்வைப் புடவை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நிறம் மற்றதில் கலக்கக் கூடாது. இதற்கு ஒரு நாடா போதாது. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகிற காரியமல்ல என்பதால் ஓரத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். ஊடையும் ஊடையும் அங்கே கோத்துக்கொண்டால்தான் புடவை. கொஞ்சம் அசந்தால் கரை கிழிந்து கையோடு வந்துவிடும். ஆனால் பாருங்கள், "இது யார் நெய்த புடவை?" என்று கேட்டால் பள்ளத்தில் உட்கார்ந்தவரின் பெயரைத்தான் சொல்வார்கள்.

நிற்க. நான் எழுத வந்தது புடவையைப் பற்றி அல்ல, கால்பந்தைப் பற்றி. ஆச்சரியப்படாதீர்கள், எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் பிள்ளை உள்ளே வந்தான். முழங்கால் வரைக்கும் புழுதி. பத்தாவது எழுதியிருக்கிறானாம். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் கொல்லைப்புறம் போய்விட்டான்.

"மூணு நாளா இப்படித்தாம்மா" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பையன் நன்றாகப் பந்து ஆடுகிறானாம். இடது ஓரத்தில் நிற்பானாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்கிறது, போய்ப் பார்க்கட்டும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சம்மதம். "தறியில் உட்கார்ந்து என் முதுகு போனது போதும், அவனாவது வெளியே போய் ஓடட்டும்" என்கிறார். அம்மாவுக்குச் சம்மதமில்லை.

"நீங்க பத்திரிகையில எழுதறவங்க. நீங்களே சொல்லுங்கம்மா, பந்து விளையாடினா சோறு கிடைக்குமா? கால் போச்சுன்னா யார் பார்ப்பாங்க?"

கல்யாணப் புடவைக்கு நிறம் சொல்லப் போன எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். வந்த பிறகு, கால்பந்துப் பைத்தியமான என் தம்பி மகனைப் பிடித்துக்கொண்டேன். அவனிடம் கேட்டதையும் பிறகு படித்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பூட்ஸ் கேட்டு அழுதுகொண்டிருக்கலாம் அல்லவா?

முதலில், இந்த ஓரத்து ஆட்டம் என்றால் என்ன? பழைய நாட்களில் 'லெப்ட் அவுட்', 'ரைட் அவுட்' என்றார்கள். இப்போது 'விங்கர்' என்கிறார்கள். மைதானம் சுமார் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். அதில் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுவதுதான் இவன் வேலை. எதிரணிக் காவல்காரனை ஏமாற்றித் தாண்ட வேண்டும். தாண்டியதும் பந்தை நடுவில் நிற்கிறவனுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவன் தலையால் ஒரு தட்டுத் தட்டுவான், கோல்! மாலையும் கைதட்டலும் தட்டியவனுக்கு. ஓடி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு கோட்டோரத்திலேயே நிற்பான்.

கரை நாடா போடும் அம்மாளின் பிள்ளை கரையில் நின்று ஆடுகிறான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

இந்த ஓரத்து ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தமிழ்ப் பிள்ளையின் கதையைக் கேளுங்கள். பெயர் மைக்கேல் சூசைராஜ். 1994-ல் பிறந்தவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் இரவிபுத்தன்துறை இவருடைய ஊர். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர். அந்தக் கடற்கரைக் கிராமங்களில் மணலில்தான் மைதானம். நடக்கப் பழகிய குழந்தை அடுத்தபடியாகப் பந்தை உதைக்கப் பழகும். இவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் கால்பந்து ஆட்டக்காரர்தான்.

இடது ஓரத்து ஆட்டக்காரராகச் சென்னை சிட்டி சங்கத்தில் பெயரெடுத்தார் சூசைராஜ். பெயர்தான் சென்னை, ஆடியது கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில். அங்கே அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2017 நவம்பர் கடைசியில், ஓகி புயல் வந்தது. தூத்தூரைச் சுற்றியுள்ள கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் கரையில் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் தாய்க்கும் பயம்தான், மைதானத்துக்கு அனுப்பும் தாய்க்கும் பயம்தான். பயமில்லாத பிழைப்பு எது, சொல்லுங்கள்?

2018-ல் ஜாம்ஷெட்பூர் சங்கம் அவரை ஐ.எஸ்.எல். போட்டிக்கு எடுத்துக்கொண்டது. நாட்டின் பெரிய பெரிய ஊர்ச் சங்கங்கள் 2014 முதல் மோதும் போட்டி அது. ஒரே வருஷத்தில் இந்தியாவின் சட்டையையும் போட்டுக்கொண்டார். 2019 ஜூன் மாதம் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் ஆடினார். பிறகு கல்கத்தாவின் ஏ.டி.கே. சங்கம் அழைத்தது. அண்ணன் ரெஜினும் அதே அணியில். 2020 மார்ச் 14-ந் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கொரோனா காரணமாகப் பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. நாற்காலிகள் எல்லாம் காலி. சென்னையின் அணியை ஏ.டி.கே. 3-1 என்று வென்றது. அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் கோப்பை வென்றார்கள், கைதட்ட ஆளில்லாமல்!

அடுத்த எட்டு மாதத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? 2020 நவம்பர் 20. மறுபடியும் கோவா, மறுபடியும் காலி மைதானம். புது வருஷத்துப் போட்டியின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியோடு. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மோதலில் சூசைராஜ் விழுந்தார். முழங்கால். அவர் வெளியே போனார். வேறொருவர் உள்ளே வந்தார். அவருடைய அணி 1-0 என்று ஜெயித்தது. அவருக்கோ அந்த வருஷத்து ஆட்டம் அத்தோடு முடிந்தது. அப்போதுதான் இருபத்தாறு வயது நிறைந்திருந்தது.

முழங்காலுக்கு உள்ளே இரண்டு தசைநார்கள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகின்றன. முன்னால் இருப்பதை டாக்டர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நேராக ஓடுகிறவனுக்கு அதனால் அவ்வளவு தொந்தரவில்லை. வேகமாக ஓடி, சட்டென்று நின்று, ஒரே காலில் திரும்புகிறவனுக்குத்தான் ஆபத்து. ஓரத்து ஆட்டக்காரனின் வித்தையே அதுதானே! எந்தத் திருப்பத்தால் அவன் பிழைக்கிறானோ அதே திருப்பத்தில்தான் நாரும் அறுகிறது. அறுந்தால், அவனுடைய காலிலிருந்தே வேறொரு நாரை எடுத்து அங்கே வைத்துக் கட்டுகிறார்கள். பிறகு ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று பொறுமையாகப் பயிற்சி. சில பேர் பழைய வேகத்தோடு திரும்புகிறார்கள், சில பேர் திரும்புவதில்லை. பெண் குழந்தைகளுக்கு இந்த நார் அறுவது பையன்களைவிட அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பெண்ணை ஆட அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சூசைராஜ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுபடி ஓட வந்தார். 2022-ல் ஒடிசா சங்கத்தில் சேர்ந்தார். அங்கே அதே ஓரத்தில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தார், சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். இவர் மறு வருஷம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்துக்குப் போனார். அந்தச் சங்கம் தன் ஜன்மப் பகையான மோகன் பகானை நாலரை வருஷமாக ஜெயிக்கவே இல்லை. 2023 ஆகஸ்ட் 12-ந் தேதி, டூரண்ட் கோப்பை ஆட்டம். நந்தகுமார் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிப் புகுந்து ஓர் உதை உதைத்தார். அந்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது. அன்றைக்குக் கல்கத்தாவில் பாதி ஊர் ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது.

ஒரே ஓரம், ஒரே வேலை. ஒருவருக்குப் பதினைந்து நிமிஷத்தில் வருஷமே போயிற்று. இன்னொருவருக்கு ஓர் உதையில் ஊரே கிடைத்தது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல ஜோசியராலும் முடியாது. "சோறு கிடைக்குமா?" என்ற கேள்விக்கு "கிடைக்கும்", "கிடைக்காது" என்று ஒரு வார்த்தையில் பதில் இல்லாதது இதனால்தான்.

முன்காலத்தில் இதற்கு வேறொரு வழி இருந்தது. பி. கே. பானர்ஜி என்று ஒரு மகா கெட்டிக்காரர், வலது ஓரத்து ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர். சமனில் முடிந்த ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்டவர். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் அவருடையது. அப்பேர்ப்பட்டவர் மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு அந்த ரயில்வே அணிக்கே ஆடினார். 1958-ல் பெரிய சங்கங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கல்கத்தா லீகை அந்த அணி வென்றது. நம் சென்னையிலும் அப்படித்தான். ஐ.சி.எப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி, ஏ.ஜி. ஆபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. காலையில் பயிற்சி, பகலில் கோப்பு, மாலையில் ஆட்டம். முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் போகாது.

இப்போது கால்பந்தே உத்தியோகம். சம்பளம் அதிகம்தான், ஆனால் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கோ, இரண்டு மூன்று வருஷத்துக்கோதான். அது முடிந்தால் மறுபடி யாராவது கூப்பிட வேண்டும். ஓரத்து ஆட்டக்காரனுக்கு முப்பதைத் தாண்டினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கூப்பிடுகிறவர்களும் குறைவார்கள். சங்கமே நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. சூசைராஜ் பெயரெடுத்த சென்னை சிட்டி சங்கம் 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. 2021-க்குப் பிறகு அந்தப் போட்டியில் அதன் பெயரைக் காணோம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியையே நிறுத்திவைத்துவிட்டார்கள். போட்டியை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தத்தில் தகராறு. அந்த வருஷம் முடியும்வரை பந்து உருளவில்லை. சில சங்கங்கள் சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. பிள்ளைகள் கால் நன்றாக இருந்தும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் புடவை வாங்கப் போனேன். மேலே எழுதியதை எல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சூசைராஜ் விழுந்த இடம் வந்ததும், "அந்தப் பிள்ளையோட அம்மா அப்ப டீவியில பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்களோ?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். போகட்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

விளையாட்டு விடுதியில் படிப்பும் உண்டு. பிளஸ் டூவையும் அதற்கு மேல் ஒரு பட்டத்தையும் விடவே கூடாது. பட்டம் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகத்துக்கு வழி இருக்கிறது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடினாரே! தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் செய்யும் ஒரு பயிற்சி வரிசை இருக்கிறது, 'பிபா 11 பிளஸ்' என்று பெயர். தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன. பயிற்சியாளரிடம் "அதைச் செய்விக்கிறீர்களா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நாளைக்கு ஒரு சங்கம் ஒப்பந்தம் நீட்டினால், சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. எத்தனை வருஷம்? காலில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? படுத்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வருகிற பணத்தில் ஒரு பங்கை, தினமும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைக்கிற மாதிரி, தனியே எடுத்துவைக்க வேண்டும். பத்து வருஷத்துச் சம்பாத்தியம் நாற்பது வருஷத்துக்கு வர வேண்டும் அல்லவா?

"வேண்டாம் என்று தடுத்தால் கால் பத்திரமாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள்ளேயே உங்களோடு பேசாத பிள்ளையாக இருப்பான்" என்றேன்.

அந்த அம்மாள் கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். பையன் அங்கே தனியாகப் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தான். சீராக அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அவன் கோல் போடறதே இல்லையாம்மா. எடுத்துக் குடுக்கறதோட சரியாம். நான்தான் அவனைத் திட்டுவேன், மத்தவனுக்கே குடுத்துக்கிட்டு இருக்கியேடான்னு" என்றாள்.

"நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தறியில் இருந்த வீட்டுக்காரர்தான் சிரித்தார். பிறகு அவளும் சிரித்தாள். "தேர்வுக்கு என்னிக்குப் போகணும்னு வாத்தியாரைக் கேட்டுக்கிட்டு வா" என்று கொல்லையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சுவரில் மோதிய பந்துச் சத்தம் சட்டென்று நின்றது.

பையன் தேறுவானோ மாட்டானோ, தெரியாது. தெரிந்தால் உங்களுக்கு எழுதுகிறேன்.

புடவையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே! மாம்பழ நிறத்தில் உடல், அரக்குக் கரை. நாத்தனார் பெண் பிரித்துப் போட்டுக்கொண்டு முந்தியைப் பார்த்தாள், நான் கரையைப் பார்த்தேன். கோத்த இடத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. விலையை மட்டும் எங்கள் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!